சென்னையில் எந்த ஏரியாவில் குடியேறுவது: வரும் தண்ணீரும் வடியும் தண்ணீரும்

சென்னைக்கு வேலை மாறி வருகிறவர்கள் பெரும்பாலும் வாடகையிலிருந்துதான் தேடலைத் தொடங்குகிறார்கள். மாதம் இவ்வளவு தர முடியும், ஆபீஸ் இந்த இடம், இரண்டு பெட்ரூம் வேண்டும் என்று செயலியில் போட்டால் முப்பது வீடு வந்து நிற்கும். எல்லாவற்றிலும் டைல்ஸ் பளபளக்கும், பால்கனியில் வெயில் அழகாக விழும். அந்த முப்பது வீட்டுக்கும் நடுவே உள்ள உண்மையான வித்தியாசம் எதுவும் படத்தில் தெரியாது. கோடையில் குழாயில் என்ன வரும், ஐப்பசி கார்த்திகையில் தெருவில் எவ்வளவு நிற்கும், காலையில் வீட்டு வாசலிலிருந்து ரயிலடிக்கு எத்தனை நிமிடம்: இந்த ஊரில் ஒரு குடும்பத்தின் நிம்மதியைத் தீர்மானிப்பவை இவைதான். இவற்றுள் முதல் இரண்டும் தண்ணீர் சம்பந்தப்பட்டவை. அதனால் ஏரியா தேடுகிறவர் தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும், அடுத்துப் போக்குவரத்து, கடைசியில் வீடு.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 'வேளச்சேரி நல்லதா?', 'கே.கே. நகர் எப்படி?' என்ற கேள்விகளுக்குப் பதில் கிடையாது. ஒரே வேளச்சேரியில் ஒரு தெருவில் இடுப்பளவு நிற்கும்போது, நானூறு மீட்டர் தள்ளி இன்னொரு தெருவில் பால்காரர் வழக்கம்போல் வண்டி ஓட்டிக்கொண்டு போவார். ஏரியாவின் பெயர் தேடலைச் சுருக்கிக்கொள்ளத்தான் உதவும். முடிவைத் தெரு அளவில்தான் எடுக்க வேண்டும்.

தெருப் பெயரில் ஒளிந்திருக்கும் ஏரி

சென்னை ஏறக்குறைய தட்டையான நிலம். கொசஸ்தலை, கூவம், அடையாறு என்ற மூன்று ஆறுகள் மேற்கிலிருந்து கிழக்கே கடலுக்குப் போகின்றன. பக்கிங்ஹாம் கால்வாய் அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வடக்கு தெற்காக ஓடுகிறது. சரிவு குறைவான இந்த நிலத்தில் முன்னோர் சங்கிலித் தொடராக ஏரிகளை வெட்டி வைத்திருந்தார்கள். ஓர் ஏரி நிரம்பினால் உபரி நீர் வழியும் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். நகரம் வளர்ந்தபோது பல ஏரிகளின் மேலேயே வளர்ந்தது. தி. நகர் 1920-களில் மாம்பலம் பக்கத்து நீண்ட ஏரியைத் தூர்த்து உருவான பகுதி. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்ற பெயர் மட்டும் மிச்சம். நுங்கம்பாக்கத்தில் 'டேங்க் பண்ட் ரோடு' இருக்கிறது, ஏரி இல்லை. 1976-இல் திறந்த வள்ளுவர் கோட்டம் அந்த ஏரிப் படுகையில்தான் நிற்கிறது. எழும்பூர், சேத்துப்பட்டுப் பக்கம் 'ஸ்பர் டேங்க் ரோடு'. 'தாங்கல்' என்றாலே சிறிய ஏரி என்று பொருள். பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் என்ற பெயர்களை அந்தக் கண்ணோடு படிக்கலாம்.

பெயரில் ஏரி இருந்தால் அங்கே குடியேறவே கூடாது என்று அர்த்தமில்லை. அந்த இடத்தில் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். கூகுள் எர்த்தில் பழைய செயற்கைக்கோள் படங்களைப் பின்னோக்கி நகர்த்திப் பார்க்கும் வசதி உண்டு. புறநகரில் பார்க்கும் எந்த இடத்தையும் 2000-களின் தொடக்கம் வரை இழுத்துப் பாருங்கள். இன்றைய அடுக்குமாடி அன்று வயலாக இருந்ததா, நீர் மின்னும் பரப்பாக இருந்ததா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இடம் வாங்குகிறவராக இருந்தால் இதோடு நிற்கக் கூடாது. சர்வே எண்ணை வைத்து வருவாய்த் துறையின் இணையதளத்தில் 'அ' பதிவேட்டைப் பார்த்து, நிலத்தின் வகை என்னவென்று உறுதி செய்ய வேண்டும். வில்லங்கச் சான்று சுத்தமாக இருப்பது மட்டும் போதாது, ஏனென்றால் அதில் பத்திரப் பதிவுகள்தான் வரும், நிலத்தின் தன்மை வராது.

மூன்று விதமான வெள்ளம்

சென்னையில் 'தண்ணி வந்துடுச்சு' என்று சொன்னால் அது மூன்றில் ஒன்று. மூன்றும் வேறு வேறு காரணத்தால் வருகின்றன. ஒன்றுக்குத் தப்பிய தெரு மற்றொன்றில் சிக்கும்.

முதலாவது ஆறு கரை மீறுவது. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் சுமார் 49 செ.மீ. மழை கொட்டியது. அன்றிரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி திறந்துவிடப்பட்டது. ஏரிகளுக்குக் கீழே உள்ள ஊர்களின் மழைநீரும் சேர்ந்து அடையாற்றில் இறங்கியது. முடிச்சூர், மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று ஆற்றை ஒட்டியவை மூழ்கின. இந்த வகை வெள்ளம் அடிக்கடி வராது, வந்தால் மணிக்கணக்கில் மாடி வரை ஏறிவிடும். ஆற்றிலிருந்து எத்தனை மீட்டர் தூரம் என்பதை மட்டும் பார்த்தால் போதாது, ஆற்றின் கரையைவிட வீட்டுத் தரை எவ்வளவு உயரம் என்றும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது சதுப்பு நிலமும் ஏரிப் படுகையும் நிரம்புவது. தென்சென்னையின் பல ஏரிகளின் உபரி நீர் பள்ளிக்கரணைச் சதுப்பில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் விழுந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலுக்குப் போக வேண்டும். பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் தகுதியை 2022-இல் பெற்ற அந்தச் சதுப்பு ஒரு காலத்தில் இப்போதிருப்பதைப்போலப் பல மடங்கு பரப்பு கொண்டது. வழி குறுகியதால் நீர் மெதுவாகத்தான் வடிகிறது; கடல் ஏற்றத்தில் இருந்தால் வடிவதே நின்றுவிடும். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழையின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகளில் மழை விட்ட பிறகும் நாள்கணக்கில் தண்ணீர் நின்றதற்குக் காரணம் இதுதான். இந்த வகையில் உயரத்தைவிட நாட்கள் முக்கியம். முழங்காலளவுத் தண்ணீர் ஆறு மணி நேரம் நிற்பது தொல்லை. அதே முழங்காலளவு நான்கு நாள் நின்றால் மின்சாரம் இல்லை, மோட்டார் ஓடாது, கழிவறையில் சாக்கடை மேலேறும், பால் வராது. இரண்டாம் மாடியில் இருப்பவருக்கும் அதே கதிதான்.

மூன்றாவது, தெரு வடிகால் தாங்காதது. தி. நகர், புளியந்தோப்பு, பட்டாளம் போன்ற பழைய பகுதிகளில் இதைப் பார்க்கலாம். ஒரு மணி நேரத்தில் ஏழெட்டு செ.மீ. பெய்தால் நிற்கும், மழை விட்டு இரண்டு மூன்று மணி நேரத்தில் இறங்கும். 2021 நவம்பரில் தி. நகர் பட்ட பாட்டுக்குப் பிறகு மழைநீர் வடிகால்கள் பல இடங்களில் புதிதாகக் கட்டப்பட்டன. சில தெருக்களுக்கு அது உண்மையாகவே விடிவாக அமைந்தது. அதனால் 2015, 2021, 2023 ஆகிய மூன்று ஆண்டுகளையும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும். '2015-ல வரல சார்' என்ற ஒரே பதிலைக் கேட்டுத் திருப்தியடைந்து, 2023-இல் மாட்டிக்கொண்டவர்கள் தென்சென்னையில் நிறையப் பேர்.

யாரிடம் விசாரிப்பது? வீட்டுக்காரரிடமும் புரோக்கரிடமும் கேட்டால் பதில் முன்கூட்டியே தெரிந்ததுதான். தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர், மருந்துக்கடைக்காரர், பக்கத்துக் கட்டட வாட்ச்மேன் ஆகிய மூவரிடமும் தனித்தனியாக, 'அண்ணே, 2023-ல தண்ணி எது வரைக்கும் வந்துச்சு, எத்தனை நாள் நின்னுச்சு?' என்று கேளுங்கள். 'வந்துச்சா?' என்று கேட்டால் 'இல்ல' என்று முடித்துவிடுவார்கள். 'எது வரைக்கும்?' என்று கேட்டால் கையை வைத்துக் காட்டுவார்கள்.

பிறகு சுவரைப் பாருங்கள். காம்பவுண்டுச் சுவரின் உட்புறம், மாடிப்படிக்குக் கீழே, மோட்டார் அறைக்குப் பின்னால் என்று பெயின்ட் அடிக்கச் சோம்பல்படும் இடங்களில் ஒரே மட்டத்தில் பழுப்புக் கோடு ஓடினால் அதுதான் வெள்ளத்தின் கையெழுத்து. இரும்புக் கேட்டின் கீழ்ப்பகுதி மட்டும் ஒரே உயரத்துக்குத் துரு ஏறியிருக்கும். மின் மீட்டர் பெட்டி தலைக்கு மேலே புதிதாக ஏற்றப்பட்டிருந்தால், ஏன் ஏற்றினார்கள் என்று கேட்க வேண்டும். அப்படி ஏற்றியிருப்பது ஒரு விதத்தில் நல்லதுதான், பட்டுத் தெளிந்தவர்கள் என்று அர்த்தம். சம்பின், அதாவது தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியின், மூடி தரை மட்டத்தில் இருக்கிறதா, ஒரு அடியாவது உயர்த்திக் கட்டியிருக்கிறார்களா என்று குனிந்து பாருங்கள். தரை மட்டத்து மூடி என்றால் தெருவில் கணுக்கால் அளவு நின்றாலே சாக்கடை கலந்த நீர் குடிநீர்ச் சம்பில் இறங்கிவிடும். சம்பைக் கழுவி குளோரின் போட்டு மீண்டும் பயன்படுத்தும் வரை வீடு முழுக்கக் கேன் தண்ணீரை நம்பித்தான் இருக்க வேண்டும்.

வாசற்படியை எண்ணுவது இன்னொரு சோதனை. பழைய தார்ச்சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிதாகப் போட்டுப் போட்டுச் சென்னையின் பல தெருக்கள் உயர்ந்துவிட்டன. மூன்று படி ஏறிப் போன வீட்டுக்கு இன்று ஒரு படி இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. தெருவைவிடத் தாழ்ந்த தரைத்தளம் எந்த ஏரியாவில் இருந்தாலும், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

குழாயில் வருவது என்ன

ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நகர்ப்புறக் குடிநீர்த் திட்டங்களில் பயன்படும் அளவு. நான்கு பேர் குடும்பத்துக்கு 540 லிட்டர். இருபது வீடுள்ள அடுக்குமாடிக்கு 10,800 லிட்டர். அதாவது போர் (ஆழ்துளைக் கிணறு) வற்றிவிட்டால் நாளுக்கு ஏறக்குறைய ஒரு 12,000 லிட்டர் லாரி. லாரி 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 45,000. வீட்டுக்கு 2,250 ரூபாய். இந்தத் தொகை விளம்பரத்தில் போட்ட 'மெயின்டெனன்ஸ்' கணக்கில் இருக்காது, கோடையில் தனியாக வரும். எனவே சங்கச் செயலாளரிடம் சென்ற ஆண்டு ஏப்ரல், மே, ஜூன் மாதங்களின் லாரிச் செலவைக் கேட்டு வாங்குங்கள். ஆண்டுச் சராசரி வேண்டாம், அந்த மூன்று மாதங்கள் மட்டும். 2019 கோடையில் நகரின் ஏரிகள் ஏறக்குறைய வறண்டபோது, காசு கையில் இருந்தும் லாரி கிடைக்காமல் பல அடுக்குமாடிகள் தவித்தன. லாரியை மட்டுமே நம்பியிருக்கும் கட்டடம் என்றால், காசைவிட இந்த ஆபத்துதான் பெரியது.

லாரி வரும் தெருவின் அகலத்தையும் கவனிக்க வேண்டும். தண்ணீர் லாரி எட்டடி அகலம். பன்னிரண்டடிச் சந்தில் ஒரு பக்கம் கார் நின்றாலே உள்ளே வராது. அதேபோல் சம்பின் கொள்ளளவு. எட்டாயிரம் லிட்டர் சம்பு வைத்துக்கொண்டு 12,000 லிட்டர் லாரி வரவழைத்தால் முழுக் காசு கொடுத்துவிட்டு மூன்றில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். குறைந்தது இரண்டு நாள் தேவைக்காவது சம்பு இருக்க வேண்டும்.

நிலத்தடி நீர் எப்படி இருக்கும் என்பதை மண்ணே ஓரளவு சொல்லிவிடும். பெசன்ட் நகர், திருவான்மியூரிலிருந்து தெற்கே முட்டுக்காடு வரை கடலோர மணல். மழைநீர் எளிதில் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் நல்ல நீராக மிதந்து நிற்கும். இருபதடிக் கிணற்றில் இனிப்பான நீர் கிடைக்கும்; பேராசையோடு ஆழமாகப் போர் போட்டால் கடல்நீர் மேலேறிவிடும். ஒருமுறை உப்பேறினால் பக்கத்து வீடுகளுக்கும் சேர்த்துக் கெடுதல். கிண்டி, பல்லாவரம், தாம்பரம், வண்டலூர்ப் பக்கம் அடியில் கடும்பாறை. பாறை வெடிப்பில் நீர் ஓடுவதால் ஒரு வீட்டில் இருநூறு அடியில் தண்ணீர் கொட்டும், அடுத்த வீட்டில் புழுதி பறக்கும். அங்கே 'இந்த ஏரியாவில் போர் நல்லா இருக்கு' என்ற பேச்சுக்கு அர்த்தமில்லை. அந்தக் குறிப்பிட்ட போர் எப்படி என்றுதான் கேட்க வேண்டும். மேற்கிலும் வேளச்சேரிப் பக்கமும் களிமண் அதிகம். நீர் இறங்கவும் நேரமாகும், மேலே தேங்கவும் செய்யும்.

நீரைச் சோதிக்க, அதில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், அது போதும். குடிநீருக்கு இந்தியத் தரநிலை 500 மி.கி./லிட்டர் வரை, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. சமையலறைக் குழாயில் 1,500 காட்டினால் குடிக்க ஆர்.ஓ. சுத்திகரிப்புக் கருவி வேண்டும். அது ஒரு லிட்டர் தர இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாகத் தள்ளும். லாரி வாங்கும் வீட்டில் அதுவும் காசு. மீட்டர் உப்பின் மொத்த அளவைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. சாக்கடை கலந்த நீர்கூட 400 காட்டலாம். ஆகவே ஒரு பாட்டிலில் நீர் பிடித்து, மூடி ஓர் இரவு வைத்துப் பாருங்கள். காலையில் செம்மஞ்சளாக மாறி அடியில் வண்டல் நின்றால் இரும்பு. திறந்ததும் நாற்றம் வந்தால் அந்த வீட்டை அத்தோடு விட்டுவிடலாம். பாத்ரூம் குழாய்களின் வாயில் வெள்ளைப் படிவு தடித்திருந்தால் கடின நீர். கீசர் காயிலும் வாஷிங் மெஷினும் சீக்கிரம் போகும்.

மெட்ரோ வாட்டர், அதாவது சென்னைக் குடிநீர் வாரியத்தின் இணைப்பு 'இருக்கிறது' என்பதும் 'வருகிறது' என்பதும் வேறு. வாரத்தில் எத்தனை நாள், எத்தனை மணிக்கு, அடிபம்பில் வருகிறதா, நேரே சம்பில் விழுகிறதா என்று கேளுங்கள். 2003-இலிருந்து மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். ஆனாலும் மொட்டை மாடிக் குழாய் எங்கே முடிகிறது என்று பின்தொடர்ந்து பார்த்தால் பல வீடுகளில் தெருவில் முடியும். கிணற்றுக்குள் முடியும் வீட்டைக் கண்டால் அந்த வீட்டுக்காரரை நம்பலாம்.

மாநகராட்சியா, ஊராட்சியா

2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கி.மீ.-இலிருந்து 426 சதுர கி.மீ. ஆனது, 200 வார்டுகள், 15 மண்டலங்கள். அப்போது சேர்ந்த சோழிங்கநல்லூர், பெருங்குடி, ஆலந்தூர், வளசரவாக்கம், அம்பத்தூர், மாதவரம் பகுதிகளில் பாதாளச் சாக்கடையும் குடிநீர்க் குழாயும் ஒரே சீராக வந்து சேரவில்லை. தெருவுக்குத் தெரு நிலைமை வேறு. ஆவடி 2019-இலும் தாம்பரம் 2021-இலும் தனி மாநகராட்சிகளாயின. மேடவாக்கம், பெரும்பாக்கம், கோவிலம்பாக்கம் போன்றவை ஊராட்சிகளாகவே இருந்துகொண்டு அடுக்குமாடிகளால் நிரம்பியவை. வாடகை குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாதாளச் சாக்கடை இல்லாத இடத்தில் செப்டிக் டேங்க். இருபது வீட்டுக் கழிவைச் சிறிய தொட்டியில் விட்டால் அடிக்கடி லாரி வைத்து உறிஞ்ச வேண்டும். அதுவும் மெயின்டெனன்ஸ் கணக்கில் ஏறும். செப்டிக் டேங்குக்கும் போருக்கும் எவ்வளவு தூரம் என்று நடந்து பாருங்கள். நான்கு தப்படி தூரத்தில் இரண்டும் இருந்தால் அந்தப் போர் நீர் பல் துலக்கவும் ஆகாது. மெட்ரோ வாட்டர் வரி ரசீதை வீட்டுக்காரரிடம் கேட்டுப் பார்ப்பதும், தெருவில் மேன்ஹோல் மூடி இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பதும் பேச்சைவிட உறுதியான சாட்சிகள்.

போகும் வழி

வரைபடத்தில் தெரியும் கிலோமீட்டரை மறந்துவிட்டு, ரயில் கோடுகளை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். கடற்கரை – தாம்பரம் – செங்கல்பட்டு. சென்ட்ரல் – ஆவடி – அரக்கோணம். சென்ட்ரல் – கும்மிடிப்பூண்டி. கடற்கரை – வேளச்சேரி பறக்கும் ரயில். விம்கோ நகர் – விமான நிலையம், சென்ட்ரல் – பரங்கிமலை என்ற இரண்டு மெட்ரோ பாதைகள். கடற்கரையிலிருந்து தாம்பரம் சுமார் 30 கி.மீ.; மின்சார ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், மழையானாலும் ஏறக்குறைய அதே நேரம். மாலை ஆறரைக்கு போரூர்ச் சாலையில் அதில் மூன்றில் ஒரு பங்கு தூரத்துக்கே அந்த நேரம் ஆகிவிடும். ஆகவே ஆபீஸ் எந்தக் கோட்டில் இருக்கிறதோ அதே கோட்டில், நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் வீடு என்பதுதான் நல்ல கணக்கு.

கிண்டியில் வேலை என்றால் குரோம்பேட்டை, பல்லாவரத்திலிருந்து ஒரே ரயில். தண்டையார்பேட்டை, திருவொற்றியூரிலிருந்தும் மெட்ரோவில் இறங்காமல் கிண்டிக்கு வரலாம். அம்பத்தூர் எஸ்டேட் என்றால் வில்லிவாக்கம், கொரட்டூர், பெரம்பூர். இறங்க வேண்டியது பட்டரவாக்கம். டைடல் பார்க், தரமணி என்றால் மந்தைவெளி, மயிலாப்பூரிலிருந்து பறக்கும் ரயில் வாசலிலேயே இறக்கிவிடும். அந்தப் பாதையின் நிலையங்கள் பெரிய கட்டடங்கள், இரவில் வெறிச்சோடியிருக்கும். இரவுப் பணி முடித்து வரும் பெண்கள் அதை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலை வேலைக்குக் கம்பெனி பஸ் எங்கே நிற்கிறது என்பதுதான் ஏரியாவைத் தீர்மானிக்கும்.

'மெட்ரோ வரப்போகுது' என்று வாடகையை ஏற்றிச் சொல்வார்கள். இரண்டாம் கட்ட மெட்ரோ ஏறக்குறைய 119 கி.மீ., மூன்று பாதைகள்; அந்தச் சாலைகளில் தடுப்பு வைத்த குறுகல் பல ஆண்டு நீடிக்கக் கூடியது. பயணிகளை ஏற்றிக்கொண்டு ரயில் ஓடத் தொடங்கிவிட்ட நிலையத்தை மட்டும் கணக்கில் எடுங்கள். வாடகைக்கு இருப்பவர் அனுபவிப்பது இன்றைய சாலையை.

டூவீலரில் போகிறவர்களுக்கு ஒன்று. வீடு மேற்கே, ஆபீஸ் கிழக்கே இருந்தால் காலையில் சூரியன் முகத்தில், மாலையில் திரும்பும்போதும் முகத்தில். திசையை மாற்றிப் போட்டால் இரண்டு வேளையும் முதுகில். தினம் ஒரு மணி நேரம் ஓட்டுகிறவருக்கு ஆண்டு முழுவதும் இது சின்ன விஷயமில்லை. வாராவாரம் தென்மாவட்டத்துக்கு ஊர் போகிறவர்கள் கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2023 டிசம்பர் இறுதியில் திறந்த அந்த நிலையத்துக்கு வடசென்னையிலிருந்து போவதே ஒரு தனிப் பயணம். பெருங்களத்தூர், தாம்பரத்திலிருந்து பக்கம்.

வீட்டைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் போவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. திங்கட்கிழமை எட்டரைக்கு அந்த வாசலிலிருந்து ஆபீஸ் வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். பிறகு ஒரு வாரநாள் இரவு ஒன்பதரைக்கு நிலையத்திலிருந்து வீடு வரை நடந்து வாருங்கள். விளக்கு எரிகிறதா, வழியில் டாஸ்மாக் இருக்கிறதா, ஷேர் ஆட்டோ எத்தனை மணி வரை ஓடுகிறது, நாய்க்கூட்டம் எங்கே என்பதெல்லாம் அந்த ஒரு நடையில் தெரியும். கல்யாண மண்டபத்தின் பின்சுவரை ஒட்டிய வீடு என்றால் முகூர்த்த நாட்களில் தூக்கமில்லை. குப்பைக் கிடங்கு உள்ள பெருங்குடி, கொடுங்கையூர்ப் பக்கங்களில் காற்று மாறும் மாலை நேரத்தில் ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். காலையில் வராத வாடை மாலையில் வரும். பொழிச்சலூர், அனகாபுத்தூரில் விமானம் தலைக்கு மேலே இறங்கும்.

பேசப்படாத கேள்விகள்

மயிலாப்பூர், மேற்கு மாம்பலம், நங்கநல்லூர் போன்ற இடங்களில் 'சைவம் மட்டும்' என்ற நிபந்தனை வெளிப்படையாகவே இருக்கும். தனியாக இருக்கும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் மறுப்பு பரவலாக உண்டு. இஸ்லாமியக் குடும்பம் என்று தெரிந்ததும் 'வீடு போயிடுச்சே' என்பதும், 'சொந்த ஊர் எது, குலதெய்வம் எது' என்று சுற்றி வளைத்துச் சாதியைத் தெரிந்துகொள்வதும் நடக்கின்றன. இது அநியாயம். இதைச் சகஜமாக எடுத்துக்கொள்ளச் சொல்ல எந்த நியாயமும் இல்லை. தேடுகிறவர் அலைச்சலையாவது குறைக்கலாம். வீட்டுக்காரர் அதே கட்டடத்தில் குடியிருக்காத வீடுகள், வாடகைக்காரர்கள் அதிகமுள்ள பெரிய அடுக்குமாடிகள் ஆகியவற்றில் இந்தக் கேள்விகள் குறைவு. நிபந்தனை என்னவென்று போனிலேயே நேரடியாகக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

வடசென்னை பற்றிய பயமும் இந்த வகைதான். பெரம்பூர், வில்லிவாக்கம், ராயபுரம், தண்டையார்பேட்டையில் ரயிலும் பஸ்ஸும் பெரிய அரசு மருத்துவமனைகளும் கைக்கெட்டும் தூரத்தில். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்ட பிறகு தெற்கே வேலைக்குப் போவதும் எளிது. இதே பணத்துக்கு ஓ.எம்.ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) லாரித் தண்ணீரோடு கிடைக்கும் வீட்டைவிட இங்கே கிடைப்பது பெரியதாகவே இருக்கும். மணலி, எண்ணூர் ஆலைகளின் புகை உண்மையான குறைதான். மூச்சுத் தொல்லை உள்ள குழந்தையோ முதியவரோ வீட்டில் இருந்தால் எண்ணூர்ப் பக்கம் நெருங்காமல் பெரம்பூர் வரையோடு நிறுத்திக்கொள்ளலாம். கொடுங்கையூரும் வியாசர்பாடியின் தாழ்ந்த தெருக்களும் வெள்ளக் கணக்கில் தனியாகப் பார்க்க வேண்டியவை.

சிறு குழந்தை உள்ளவர்கள் பள்ளியைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதைச் சுற்றி வீடு தேடுவது நல்லது. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்துக்கு விண்ணப்பிக்கும் எண்ணமிருந்தால் பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் முகவரி இருக்க வேண்டும்.

பணமும் மாதமும்

2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லையென்றால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தத்தை வாடகை ஆணையத்தில் பதிய வேண்டும். நடப்பில் ஐந்து, ஆறு மாதம் கேட்பார்கள். பத்து மாதம் கேட்பவர்களும் இருக்கிறார்கள். சட்டத்தைச் சொல்லிப் பேரம் பேசலாம். காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடிப்பது வழக்கமாகிவிட்டது. எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். மின்சாரத்துக்குத் தனி மீட்டர் இருக்கிறதா என்பது அதைவிட முக்கியம். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் வீடுகளுக்கு இலவசம். வீட்டுக்காரர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்தால் அந்தச் சலுகை உங்களுக்கு வராது.

வீடு தேடும் மாதமும் ஒரு முடிவுதான். பள்ளி மாற்றத்துக்காகப் பெரும்பாலோர் மே மாதத்தில் தேடுகிறார்கள். அப்போது குழாயின் உண்மை தெரியும், தெரு காய்ந்து கிடப்பதால் வெள்ளம் தெரியாது. போட்டியும் வாடகையும் உச்சத்தில் இருக்கும். நவம்பரில் தேடினால் வெள்ளம் கண்ணெதிரே, ஆனால் நிரம்பிய கிணற்றைக் காட்டி 'இங்க தண்ணிக்குப் பஞ்சமே இல்ல' என்பார்கள். ஆடியிலும் மார்கழியிலும் வீடு மாறுகிறவர் குறைவு. மார்கழி வடகிழக்குப் பருவமழை ஓயும் நேரமும்கூட. சுவரில் ஈரக்கோடு அப்போதுதான் புதிதாக இருக்கும், மழைநீர் வடிந்த நாட்களை அக்கம்பக்கத்தார் மறந்திருக்க மாட்டார்கள், காலியாகக் கிடக்கும் வீட்டுக்கு வீட்டுக்காரர் இறங்கிப் பேசுவார். கோடைத் தண்ணீருக்கு மட்டும் முந்தைய ஏப்ரல் – ஜூன் லாரி ரசீதுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அட்வான்ஸைப் பேசி முடித்து வைத்துவிட்டால், தை பிறந்ததும் பால் காய்ச்சிக்கொள்ளலாம்.